செய்ததையே திரும்பச் செய்தால் டாக்டர் பட்டம் தருவார்களா?

சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. நேரம் இருக்கும்போது அதில் கல்வியியல் பக்கம் போய்த் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். இன்ன மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் மனவெழுச்சி நுண்ணறிவுக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு என்று ஒன்று இருக்கும். கொஞ்சம் தள்ளி அதே தலைப்பு, மாவட்டம் மட்டும் வேறு. அப்புறம் மாவட்டம் அதே, மேல்நிலைக்குப் பதில் உயர்நிலை. இன்னும் கீழே போனால் மனவெழுச்சி நுண்ணறிவு போய்ப் படிப்புப் பழக்கம் வந்திருக்கும், அல்லது தேர்வுப் பதற்றம், தன்மதிப்பு, வீட்டுச் சூழல். அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்ற கேலி நமக்கு வாயில் தயாராக இருக்கிறது. என் புகார் அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ஒருவர் செய்ததை இன்னொருவர் உண்மையிலேயே திரும்பச் செய்து பார்த்திருந்தால் இந்தத் துறை எங்கோ போயிருக்கும். இங்கே தலைப்புதான் திரும்ப வருகிறது, சோதனை திரும்ப வருவதில்லை. ‘இந்த மாவட்டத்தில் இதுவரை எவரும் செய்யவில்லை’ என்ற ஒரே நியாயத்தில் ஒவ்வொரு ஆய்வேடும் தன்னைப் புதியது என்று சொல்லிக்கொள்கிறது. முந்தைய ஆய்வில் வந்த எண் இத்தனை, எனக்கு வந்தது இத்தனை, ஏன் இந்த வித்தியாசம் என்று உட்கார்ந்து பேசும் பக்கம் கிடைப்பது அரிது. கல்வி உளவியலில் ஆராய்ச்சிக்கு வருகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒன்றை நம் வகுப்பறையில் வைத்துச் சரிபார்ப்பது. அந்த வேலைக்கே பட்டம் தர வேண்டும். இதைத்தான் இந்தப் பதிவில் வாதாடப் போகிறேன்.

இந்த ஆய்வேடுகள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால்தான் சிக்கல் பிடிபடும். துறைக்குள் புழங்கும் முக்கியமான சொல் ‘டூல்’. வெளியாட்களுக்குச் சொல்வதென்றால் வினாப்பட்டியல். நாற்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘முழுமையாக உடன்படுகிறேன்’ தொடங்கி ‘சற்றும் உடன்படவில்லை’ வரை ஐந்து கட்டங்கள். ரென்சிஸ் லிக்கர்ட் 1932-ல் மனப்பான்மைகளை அளக்க முன்வைத்த வடிவம் அது. டூலைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்காலர் பள்ளிக்குக் கிளம்புகிறார். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம், தலைமையாசிரியருக்கு ஒரு வணக்கம். பாட ஆசிரியர்கள் யாரும் தங்கள் பீரியடைத் தர மாட்டார்கள் என்பதால் கிடைப்பது பி.டி. பீரியடு. விளையாட்டு போச்சே என்ற கடுப்பில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘இது பரீட்சை இல்ல, மார்க் கிடையாது, மனசுல பட்டதை டிக் பண்ணுங்க’ என்கிறார் ஸ்காலர். ‘என் உணர்ச்சிகளை நான் நன்கு அறிவேன்’ என்பது முதல் வாக்கியம். ஒரு பிள்ளை பேனா மூடியைக் கடித்தபடி பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கிறது. பதினைந்தாவது வாக்கியம் தாண்டியதும் பலர் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நடுக்கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே நேர்கோடாக டிக் இறங்குகிறது. படிக்காமல் குறிப்பவர்களைப் பிடிப்பதற்காகவே ‘பிறர் வருத்தத்தில் இருப்பது எனக்குப் புரிவதில்லை’ என்பது போல ஓர் எதிர்மறை வாக்கியத்தை இடையில் நுழைத்திருப்பார்கள். அதில் மாட்டிக்கொண்ட தாள்களையெல்லாம் நீக்கினால் சாம்பிள் சுருங்கும்; நீக்காவிட்டால் எண்கள் பொய் சொல்லும். மணி அடிக்கிறது. தாள்களைச் சணல் போட்டுக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் ‘டேட்டா’.

கட்டு அங்கிருந்து எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளுக்குள் போகிறது. ஆண் பெண், கிராமம் நகரம், தமிழ்வழி ஆங்கிலவழி, அரசுப் பள்ளி தனியார் பள்ளி, அப்பாவின் படிப்பு, அம்மாவின் வேலை என்று ஆறு பிரிவுகள். டூலில் பத்து உட்கூறுகள் இருந்தால் மொத்தம் அறுபது ஒப்பீடு. 0.05 என்ற வழக்கமான எல்லைக்கோட்டை வைத்தால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்திலும் அறுபதில் மூன்று சும்மாவே ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது’ என்று வந்து நிற்கும். அந்த மூன்றுக்கும் விளக்கம் எழுதியாக வேண்டும். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஒத்துணர்வு அதிகம், காரணம் கூட்டுக்குடும்பம் என்கிற மாதிரி. கடைசி அத்தியாயத்தில் பரிந்துரை வரும்: ஆசிரியர்கள் மாணவரிடம் மனவெழுச்சி நுண்ணறிவை வளர்க்க வேண்டும். வளர்த்தால் மார்க் கூடுமா என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும்தான் பார்த்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத் தன்னைப் பற்றி நல்ல எண்ணம் இருப்பது இயல்பு. எது முன், எது பின் என்று இந்த டேட்டாவைக் கேட்டால் அது வாய் திறக்காது. இதில் ஒரு வேடிக்கை. டூல் நம்பகமானது என்று காட்ட எல்லாரும் கணக்கிடும் ஆல்ஃபா எண், லீ கிரான்பாக் 1951-ல் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்றது. அதே கிரான்பாக் 1957-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரையில், தொடர்பு தேடுகிறவர்கள் ஒரு முகாமாகவும் சோதனை செய்கிறவர்கள் இன்னொரு முகாமாகவும் பிரிந்து கிடப்பதால் உளவியலே நொண்டுகிறது, இரண்டும் ஒன்றுசேர வேண்டும் என்றார். அவருடைய 1951-ஐ மட்டும் எடுத்துக்கொண்டோம். 1957 நம் காதில் விழவே இல்லை.

ஸ்காலரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பலர் பகலில் வேறு எங்கோ வகுப்பெடுத்துவிட்டுப் பகுதி நேரமாக ஆய்வு செய்பவர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ. என்ற புள்ளிக்கணக்கைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை. 2016 விதிகளின்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் இதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளும் கட்டாயம் ஆயின. தேவை எழுந்ததும் கடை திறந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகி, 2018 மே மாதத்தில் யு.ஜி.சி.யே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்க வேண்டி வந்தது. 2022 விதிகளில் அந்தக் கட்டுரைக் கட்டாயம் போய்விட்டது, நல்லதுதான். ஆனால் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் போகிற இடத்தில் பேப்பரை எண்ணும் பழக்கம் போய்விடவில்லை. எண்ணித்தான் பார்ப்பார்கள் என்றால், ஒரே பி.டி. பீரியடில் முடிகிற ஆய்வைத்தான் யாரும் தேர்ந்தெடுப்பார்கள்.

சரி, திரும்பச் செய்து பார்ப்பதால் அப்படி என்ன கிடைத்துவிடும்? கல்வி உளவியலில் அதிகம் பேசப்பட்ட சோதனைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஒரு தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியை லெனோர் ஜேக்கப்சன். ஹார்வர்டின் ராபர்ட் ரோசெந்தால், ஆய்வாளரின் எதிர்பார்ப்பே சோதனையின் முடிவை வளைத்துவிடும் என்று எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, எங்கள் பள்ளியில் செய்து பார்க்கலாமே என்று கடிதம் போட்டவர் அவர்தான். 1964 வசந்தத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நுண்ணறிவுத் தேர்வு வைத்தார்கள். அடுத்து வரப்போகும் மலர்ச்சியை முன்கூட்டியே சொல்லும் ஹார்வர்டு தேர்வு அது என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் கடையில் கிடைக்கும் சாதாரணத் தேர்வு. பிறகு ஐந்தில் ஒரு பிள்ளையின் பெயரைக் குலுக்கல் முறையில் பொறுக்கி, ‘இவர்கள் இந்த ஆண்டு வேகமாக முன்னேறுவார்கள் என்று தேர்வு காட்டுகிறது’ என்று ஆசிரியர்களின் காதில் போட்டார்கள். எட்டு மாதம் கழித்து மறுபடி தேர்வு. பள்ளி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மற்றப் பிள்ளைகள் சராசரியாக 8.4 புள்ளி ஏறியிருந்தார்கள், பெயர் சொல்லப்பட்டவர்கள் 12.2. முதல் வகுப்பில் மட்டும் பார்த்தால் 12.0-க்கு எதிராக 27.4. 1968-ல் இது புத்தகமாக வந்தது. ஆசிரியர் நம்பினால் பிள்ளை முன்னேறும் என்பது அன்று முதல் உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிகளின் தாரக மந்திரம்.

அதே 1968-ல் ராபர்ட் தார்ண்டைக் அந்தப் புத்தகத்துக்கு எழுதிய மதிப்புரை இரக்கமே இல்லாதது. எண்களை அவர் உற்றுப் பார்த்தார். ஒரு வகுப்பில் தர்க்கப் பகுதியின் தொடக்கச் சராசரி நுண்ணறிவு ஈவு 31. பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்து பெயரெழுதித் தேர்வும் எழுதுகிற பிள்ளைகளுக்கு 31 வராது. அவ்வளவு சின்ன வயதுக்குப் பொருந்தாத அளவுகோல் என்பதுதான் அதற்கு அர்த்தம். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறு வரை அந்த விளைவையே காணோம் என்பதும் புத்தகத்திலேயே இருந்தது. படித்தவர்கள்தான் தாண்டிப் போனார்கள். இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் பொய்க்கதை என்று மூடி வைத்திருப்போம். ஆனால் பலர் திரும்பச் செய்தார்கள். சிலருக்கு விளைவு வந்தது, சிலருக்கு வரவில்லை. 1984-ல் ஸ்டீஃபன் ராடன்புஷ் அப்படிப்பட்ட 18 சோதனைகளை வரிசையாக அடுக்கிவைத்து, ஒவ்வொன்றிலும் ஆசிரியருக்கு அந்தத் தகவல் எப்போது சொல்லப்பட்டது என்று பார்த்தார். பிள்ளைகளோடு பழகி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் யார் என்ன சொன்னாலும் ஆசிரியரிடம் எடுபடுவதில்லை. பழகும் முன்பே சொல்லியிருந்தால் விளைவு தெரிகிறது. பிள்ளையைக் கண்ணால் பார்த்துப் பழகிய ஆசிரியர், அச்சடித்த பட்டியலைவிடத் தன் கண்ணைத்தான் நம்புகிறார். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த முடிவு இது. ரோசெந்தாலின் புத்தகத்திலும் இது இல்லை, தார்ண்டைக்கின் மதிப்புரையிலும் இல்லை. பதினெட்டு பேர் ஒரே வேலையைக் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுத்திச் செய்ததால் மட்டுமே கண்ணில் பட்டது.

இங்கேதான் முதல் ஆட்சேபம் வரும். முனைவர் பட்டம் என்றாலே அறிவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது. பழையதைத் திரும்பச் செய்கிறவருக்கு எதற்குப் பட்டம்? இரண்டு வாரக் கணக்கு புதியதா பழையதா என்று கேட்டால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். புதிய மாவட்டம், புதிய சாம்பிள் என்பதைப் புதுமை என்று ஒப்புக்கொள்கிற குழு, ‘உலகமே நம்புகிற இந்த முடிவு எட்டாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளிடம் பாதிதான் நிற்கிறது’ என்று ஒருவர் காட்டினால் அதைப் பழசு என்று தள்ளுவதில் என்ன நியாயம் இருக்கிறது? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. மேத்யூ மேக்கலும் ஜொனாதன் பிளக்கரும் 2014-ல் உலகின் முன்னணிக் கல்வி இதழ்கள் நூற்றை எடுத்து, அவற்றில் வந்த 1,64,589 கட்டுரைகளைச் சலித்தார்கள். மறுசோதனை என்று சொல்லத்தக்கவை 221. நூற்றுக்கு 0.13. கார், பங்களா, ஆய்வகம் எல்லாம் உள்ள பல்கலைக்கழகங்களின் லட்சணமே அதுதான். அடுத்த ஆண்டே பொதுவான உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில், முதலில் 97 இடத்தில் தெரிந்த குறிப்பிடத்தக்க விளைவு மறுமுறை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தெரிந்தது. அங்கே அப்போது எழுந்த சலசலப்பு நம் கல்வியியல் துறைகளின் வாசல் வரைகூட வந்ததாகத் தெரியவில்லை.

வராததன் விலையை நம் ஆசிரியர்கள் கொடுக்கிறார்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளை வகை பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தச் சொல்லும் ‘கற்றல் பாணி’ இன்றும் பயிற்சி அரங்குகளில் உலவுகிறது. பிரிட்டனில் 2004-ல் ஃபிராங்க் காஃபீல்டின் குழு எண்ணிப் பார்த்தபோது அப்படிப்பட்ட பாணிக் கோட்பாடுகள் 71 தேறின. 2008-ல் ஹரால்டு பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும், பாணிக்கேற்பக் கற்பித்தால் கற்றல் கூடுகிறது என்பதற்கு முறையான சோதனைச் சான்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று எழுதினார்கள். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூச்சுவிட நேரமில்லாத ஓர் ஆசிரியரிடம், மூன்று விதமாகப் பாடத்திட்டம் தயாரி என்று சொல்கிற கோட்பாடு இது. சொல்வதற்கு முன் இங்கே யாராவது இரண்டு வகுப்பில் வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டாமா?

இன்னொரு விலையும் உண்டு, அது துறைக்கே. ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையை என்ன செய்கிறது என்ற ரோசெந்தால் கேள்வி இந்தியாவுக்கு வந்தால் அது சாதிக் கேள்வியாகத்தான் இருக்க முடியும். அதைச் சோதனை வழியில் இங்கே கேட்டவர்கள் யார்? கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்களுக்கு வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்பும் கிட்டத்தட்டச் சமம். எல்லார் முன்னிலையிலும் சாதியை அறிவித்தபின் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் பிள்ளைகளின் விடைத்தாள்களின் முகப்பில் வயது, பால், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ‘தாழ்ந்த சாதி’ என்று எழுதப்பட்ட தாள்களுக்கு 0.03 முதல் 0.08 திட்டவிலக்கம் வரை மார்க் குறைந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்று சுமார் 19,000 பேரை அளந்து, கணக்கில் 0.73, தமிழில் 0.34 திட்டவிலக்கம் என்று காட்டியதும், அடுத்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் ஏறக்குறையக் கால்வாசி இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தால் என்று கணக்கிட்டதும் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன். இங்கே பெயர் சொன்ன எல்லாருமே பொருளியல்காரர்கள். பொறாமைப்பட்டுச் சொல்லவில்லை, நல்ல வேலை யார் செய்தாலும் நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பிள்ளையின் மனதுக்குள் என்ன நடந்தது, புதிர்த் தாளின் முன் அந்தப் பையன் ஏன் கையைக் கட்டிக்கொண்டான் என்பது உளவியல்காரர்கள் கேட்க வேண்டியது. நாமோ டூல் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

‘வெள்ளைக்காரன் செய்ததையே நாம் ஏன் திரும்பச் செய்ய வேண்டும், நமக்கென்று கோட்பாடு வேண்டாமா’ என்பது மேடையில் கைதட்டு வாங்கும் ஆட்சேபம். பாதி உண்மையும் கூட. ஆனால் இப்போது என்ன நடக்கிறது? பி.எட். பாடத்திட்டத்தில் பியாஜே, புரூனர், கார்ட்னர் எல்லாரும் முடிந்துபோன தீர்ப்புகளாக வந்து இறங்குகிறார்கள்; டூல்களில் பெரும்பாலானவை மொழிபெயர்ப்போ தழுவலோ. சரிபார்க்காமல் இறக்குமதி செய்வதை ஏற்றுக்கொண்டு, சரிபார்ப்பதை மட்டும் அடிமைத்தனம் என்பது எந்த ஊர்க் கணக்கு? நம்முடையவற்றுக்கும் இதே அளவுகோல்தான். செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007–08-ல் மாநிலம் முழுக்கப் போனது. ரிஷிவேலியில் முளைத்து நம் மண்ணில் வளர்ந்த முறை. அதன் அட்டைகளா, கற்றல் ஏணியா, பல வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்ததா, எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்கும் கேள்விகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு ஆய்வேடுகள் ஒளிந்திருக்கின்றன.

எனக்குக் கடினமாகப் படும் ஆட்சேபம் கிரான்பாக்கிடமிருந்தே வருகிறது. 1957-ல் ஒற்றுமை பேசியவர் 1975-ல் சோர்ந்துபோய் வேறு விதமாக எழுதினார். மனித நடத்தை பற்றிய பொதுமுடிவுகள் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறிவிடுகின்றன. ஒன்றைச் சேமித்து வைப்பதற்குள் அது காலாவதி ஆகிவிடுகிறது என்பது அவர் கவலை. அப்படியானால் மதுரையில் வந்தது மன்னார்குடியில் வராவிட்டால் அதற்கு என்ன பொருள்? முதல் ஆய்வு தப்பா, ஊர் வேறா? ஒற்றை மறுசோதனை இதைத் தீர்க்காது, ஒப்புக்கொள்கிறேன். பத்து இடத்தில் செய்தால் தீர்க்கத் தொடங்கும். ராடன்புஷ்ஷின் இரண்டு வாரம் அப்படித்தான் கிடைத்தது. இடத்துக்கு இடம் மாறியதே அங்கே துப்பாக வேலை செய்தது. முயற்சியால் திறமை வளரும் என்று நம்புகிற ‘வளர்மனப்பான்மை’ பற்றிய கதையும் இதே ரகம்தான். கேரல் டுவெக்கின் அந்தக் கருத்து பெரும் அலையாக அடித்தபின், 2019-ல் டேவிட் யீகரும் குழுவினரும் அமெரிக்காவில் 65 பள்ளிகளில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சியாக அதைச் சோதித்தார்கள். மார்க் குறைவாக வாங்கும் பிள்ளைகளுக்கு நான்கு புள்ளி அளவுகோலில் 0.10 ஏற்றம், அதுவும் பள்ளிச் சூழலைப் பொறுத்துக் கூடிக் குறைந்தது. ‘மனப்பான்மையை மாற்றினால் எல்லாம் மாறும்’ என்ற பேச்சைவிட இது எவ்வளவோ சின்னது. ஆனால் கையில் எடுத்து உபயோகிக்கலாம்.

அறுபத்தைந்து பள்ளிக்கு நாங்கள் எங்கே போவது, பணம் யார் தருவது என்று கேட்பார்கள். இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர் ‘மெனி கிளாசஸ்’ என்று ஒரு வேலை செய்தார்கள். ஆளுக்கொரு கல்லூரி ஆசிரியர் தன் வகுப்பில் தான் வழக்கமாக வைக்கும் வீட்டுப்பாடத்தையே வைத்தார். திருத்தத்தை உடனே சொல்வதா, சில நாள் கழித்துச் சொல்வதா என்பது மட்டும் எல்லா இடத்திலும் ஒரே ஏற்பாடு. 38 வகுப்பு, 2,081 மாணவர். பொதுவாக வித்தியாசம் இல்லை என்று 2021-ல் முடிவு வெளியானது. தனியாக ஒரு வகுப்பில் செய்திருந்தால் அது யாருக்கும் பயன்படாத எண். இதற்கு வேண்டிய கட்டமைப்பு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆசிரியர் கல்விக்கான 2014 விதிகளுக்குப் பின் பி.எட். இரண்டு ஆண்டு, அதில் பதினாறு வாரம் மாணவ ஆசிரியர் பள்ளியிலேயே இருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் மாநிலம் முழுக்க ஆயிரக்கணக்கான வகுப்பறைகளுக்குள் நம் ஆட்கள் சாக்பீஸோடு நிற்கிறார்கள். அவர்களை வைத்து ஒரே கேள்வியை இருபது கல்லூரிகள் சேர்ந்து கேட்பதற்குப் பணத்தைவிட ஒரு வாட்ஸாப் குழுவும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகும் மனசும்தான் அதிகம் தேவை. இரண்டாவது கொஞ்சம் கஷ்டம்தான்.

விளைவு வரவில்லை என்றால் யார் வெளியிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. உளவியல் இதழ்கள் சிலவற்றில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள்: 2013-ல் ‘கார்டெக்ஸ்’ இதழ் தொடங்கியது போல, டேட்டா எடுக்கும் முன்பே திட்டத்தை நடுவர்கள் படித்து, கேள்வியும் முறையும் சரி என்றால் முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுகிறோம் என்று வாக்குக் கொடுப்பது. நம் ஊரில் டி.சி. மீட்டிங் என்று ஸ்காலரின் ஆய்வுக் குழு கூடும் கூட்டம் ஒன்று இருக்கிறதே, அது செய்ய வேண்டிய வேலையே இதுதான். டீயும் சமோசாவும் முடிந்து கையெழுத்துப் போடும் முன், ‘இந்தத் திட்டப்படி செய், வந்ததை வந்தபடி எழுது, வித்தியாசம் இல்லை என்று வந்தாலும் பட்டம் உண்டு’ என்று ஒரு வரி குறிப்பேட்டில் எழுதிவிட்டால் போதும், விதி எதையும் திருத்த வேண்டியதில்லை. அறுபது ஒப்பீட்டில் மூன்றைத் தேடிப் பிடிக்கும் அவசியமும் அத்தோடு போய்விடும். கைடு செய்த ஆய்வையே ஸ்காலர் சரிபார்த்து, தப்பு என்று கண்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன ஆகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஒரு கல்லூரியின் ஆய்வை இன்னொரு கல்லூரி சரிபார்ப்பது நல்லது. மேக்கலும் பிளக்கரும் பார்த்ததிலும், அசல் ஆய்வாளர்களில் ஒருவரும் இல்லாமல் நடந்த மறுசோதனைகள் 54 சதவீதம்தான் தேறின. அசல் ஆட்களே உடன் இருந்தபோது கணிசமாகக் கூடுதல்.

எதில் தொடங்கலாம் என்றால், என் ஓட்டு ஸ்லிப் டெஸ்டுக்கு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கல்லூரி மாணவர்களைச் சின்ன உரைப்பகுதிகளைப் படிக்கவைத்தார்கள். ஒரு சாரார் திரும்பவும் படித்தார்கள், இன்னொரு சாரார் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் கை ஓங்கியிருந்தது, 81-க்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. நம் பள்ளிகளில் தினம் ஸ்லிப் டெஸ்ட், வாரம் ஒரு யூனிட் டெஸ்ட். இந்த முடிவின்படி நம் பிள்ளைகள் உலகத்திலேயே நன்றாக நினைவு வைத்திருக்க வேண்டும். ஆனால் செயின்ட் லூயிஸில் எழுதிப் பார்த்த மாணவருக்கு மார்க் குறைந்தால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டிய பயம் இல்லை, ‘தப்பு எழுதினதைப் பத்துத் தடவை எழுது’ என்ற இம்போசிஷன் இல்லை. பயம் கூடவே வரும்போதும் எழுதிப் பார்ப்பது உதவுகிறதா என்ற கேள்வியை அவர்கள் கேட்டிருக்க முடியாது, நாம் கேட்கலாம். எட்டாம் வகுப்பு அறிவியல், ஒரே பாடம், மூன்று பிரிவு: ஒன்று திரும்பப் படிக்கட்டும், ஒன்று மார்க் இல்லாமல் எழுதிப் பார்க்கட்டும், ஒன்று வழக்கமான ஸ்லிப் டெஸ்டை எழுதட்டும். எந்தப் பிரிவுக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். ஒரு வாரம் கழித்து மூன்று பிரிவுக்கும் ஒரே கேள்வித்தாள். பாடம் எடுத்த மாணவ ஆசிரியரே அதைத் திருத்தக் கூடாது. விடைத்தாள் கட்டைப் பக்கத்து மாவட்டக் கல்லூரிக்குப் பார்சல் அனுப்பிவிட வேண்டும், முகப்பில் பெயரும் பிரிவும் இல்லாமல் எண் மட்டும் போட்டு.